ரவுட்டர் மேல வந்த புகார் மூட்டை: வாசகர் கேள்வி, நம்ம பதில்

போன இதழ்ல "உங்க ரவுட்டர் என்ன கிறுக்குத்தனம் பண்ணுது, அதை எப்படிச் சமாளிக்கிறீங்க"ன்னு ஓரத்துல ஒரு வரி கேட்டு வெச்சேன், அவ்ளோதான், கொட்டிட்டீங்க. வந்ததுல முக்கால்வாசிப் பேர் ஒரே டயலாக்: "ஆஃப் பண்ணி ஆன் பண்ணா சரியாயிடுது." சரியாகறது வேற, கொஞ்ச நாளைக்கு ஒளிஞ்சுக்கறது வேறங்க. எது எதுன்னு பிரிச்சுப் பாக்கத்தான் இந்தத் தடவ முழுப் பகுதியையும் ரவுட்டருக்கே ஒதுக்கிட்டேன். பேர் போட வேணாம்னு நிறைய பேர் கேட்டதால யார் பேரும் போடல.

கேள்வி: சார், எங்க ரவுட்டர் நாலு நாளைக்கு ஒரு தடவ மக்கர் பண்ணுது. லைட்டெல்லாம் ஒழுங்கா எரியும், போன்ல கனெக்டட்னு காட்டும், ஆனா புதுசா ஒரு பேஜ் ஓபன் ஆகாது. ஏற்கனவே ஓடிட்டிருக்கற டவுன்லோடு மட்டும் பாட்டுக்கு ஓடும், அதுதான் புரியல. ரீஸ்டார்ட் பண்ணா ஜம்முனு ஆயிடும். புது ரவுட்டர் வாங்கணுமா? – ராப்பகலா டோரன்ட் ஓட்டற வாசகர்

பதில்: வாங்க வேணாம், துப்பு உங்க கேள்விலயே இருக்கு. பழசு ஓடுது புதுசு ஓடலன்னா சந்தேகப்பட வேண்டியது கனெக்‌ஷன் டேபிளை. வீட்டுல எத்தனை போன் லேப்டாப் இருந்தாலும் வெளிய போறது ஒரே ஐபி அட்ரஸ்ல, அதனால எந்தப் பதில் எந்த மெஷினுக்குன்னு ரவுட்டர் ஒவ்வொரு கனெக்‌ஷனுக்கும் ஒரு வரி எழுதி வெச்சுக்கணும். அந்த நோட்டுக்கு இத்தனை வரின்னு ஒரு அளவு இருக்கு, 16,384 வரின்னு வெச்சிருக்கற ரவுட்டர் உண்டு, அதைவிடக் கம்மியாவும் உண்டு. நிரம்பிடுச்சுன்னா புதுசா வர்ற பாக்கெட்டை சத்தமில்லாம தூக்கிப் போட்டுடும், உள்ள ஏற்கனவே எழுதின வரிக்கெல்லாம் ஒண்ணும் ஆகாது. டோரன்ட் நூத்துக்கணக்கான ஆளுங்களோட கை குலுக்கிட்டு அதுல பாதியைச் சொல்லாம கொள்ளாம விட்டுட்டுப் போற ஜாதி, அந்த வரியெல்லாம் அப்படியே கிடக்கும்.

எவ்ளோ நேரம் கிடக்கும்ங்கறதுலதான் விஷயமே. நிறைய ரவுட்டருக்குள்ள ஓடறது லினக்ஸ், அதுல சும்மா இருக்கற டிசிபி (டவுன்லோடு மாதிரி வேலைக்கு ரெண்டு மெஷின் பேசிக்கற ஒரு முறை) கனெக்‌ஷனை மறக்கறதுக்கு டிஃபால்ட் டைம் 4,32,000 விநாடி, அதாவது முழுசா 5 நாள். 2008ல வந்த ஆர்எஃப்சி 5382ங்கற இன்டர்நெட் விதிமுறை ஆவணம் சொல்றது குறைஞ்சது 2 மணி 4 நிமிஷம் வெச்சிருந்தா போதும்னு. ஓபன்டபிள்யுஆர்டிங்கற இலவச ஃபர்ம்வேர் (ரவுட்டருக்குள்ள ஓடற சாஃப்ட்வேர்) அதையே எடுத்து 7440 விநாடின்னு வெச்சிருக்கு. உங்க ரவுட்டர்ல டிசிபி டைம்அவுட்னு செட்டிங் இருந்தா அந்த நம்பரைப் போடுங்க, இல்லன்னா டோரன்ட் சாஃப்ட்வேர்லயே மொத்த கனெக்‌ஷனை 200க்குள்ள அடக்குங்க.

ஒரே ஒரு வேண்டுகோள், அடுத்த தடவ மக்கர் பண்றப்ப ஸ்விட்ச்ல கை வைக்கறதுக்கு முன்னாடி ரவுட்டர் பேஜுக்குப் போய் சிஸ்டம் லாகை ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுங்க. பெரும்பாலான ரவுட்டர்ல லாக் ரேம்லதான் இருக்கு, ஆஃப் பண்ண அடுத்த செகண்டு சாட்சி காலி. டேபிள் ஃபுல்னு லாக்ல வந்திருந்தா நான் சொன்னதுதான். மெமரி இல்லன்னு வந்திருந்தா கதை வேற, அது ஃபர்ம்வேர்ல மெமரி கசியற பக், அப்டேட்தான் வழி.

கேள்வி: அண்ணா, கனெக்‌ஷனை மாத்தினேன், இப்ப ரவுட்டர்லயே யூசர் நேம் பாஸ்வேர்டு போட்டு பிபிபிஓஈ டயல் பண்றேன். அதுலேர்ந்து பாதி சைட் ஓபன் ஆகுது, பாதி சைட் வெள்ளையா சுத்திட்டே இருக்கு. மெசேஜ் போகுது, ஃபைல் அனுப்பினா போகல. ஸ்பீடு டெஸ்ட் வேற சூப்பர்னு காட்டுது!

பதில்: ஸ்பீடு டெஸ்ட்டை விடுங்க தம்பி, பிரச்சனை வேகத்துல இல்ல, பொட்டலத்தோட சைஸ்ல. சாதாரணமா ஒரு பாக்கெட் 1500 பைட் வரைக்கும் போகலாம், பிபிபிஓஈ அதுக்கு மேல தன் பங்குக்கு 8 பைட் லேபிள் ஒட்டறதால உங்களுக்கு மிச்சம் 1492தான். அந்தப் பக்கத்து சர்வருக்கு இது தெரியாது, அது 1500 சைஸ்லயே அனுப்பும். நியாயமா நடுவுல இருக்கற ரவுட்டர் "பெருசா இருக்கு, சின்னதாக்கி அனுப்பு"ன்னு ஒரு ஐசிஎம்பி மெசேஜ் திருப்பி விடணும், சர்வரும் குறைச்சுக்கும். ஆனா செக்யூரிட்டின்னு சொல்லிட்டு ஐசிஎம்பியை மொத்தமா ப்ளாக் பண்ணி வெச்சிருக்கற புண்ணியவானுங்க நிறைய பேர், அந்த மெசேஜ் போய்ச் சேராது, சர்வர் அதே பெரிய பாக்கெட்டைத் திருப்பித் திருப்பி அனுப்பும், நீங்க வெள்ளைப் பேஜைப் பாத்துட்டு உக்காந்திருப்பீங்க. சின்ன மெசேஜ் போகறதும் பெரிய ஃபைல் நிக்கறதும் இதனாலதான்.

செக் பண்ணிப் பாக்கலாம். விண்டோஸ் கமாண்ட் ப்ராம்ப்ட்ல பிங் அடிக்கறப்ப துண்டாக்காதேங்கற ஆப்ஷனோட சைஸ் 1464 குடுங்க, அதுகூட 28 பைட் ஹெட்டர் (பாக்கெட் மேல ஒட்டற முகவரிச் சீட்டு) சேந்தா 1492. பதில் வருதா? இப்ப 1465 போடுங்க. டக்குனு நின்னுச்சுன்னா நோய் இன்னதுன்னு கன்ஃபர்ம். மருந்து ரெண்டு: வேன் (இன்டர்நெட் பக்கத்து) செட்டிங்ல எம்டியூவை, அதாவது பாக்கெட்டோட உச்ச சைஸை, 1492ன்னு மாத்துங்க, எம்எஸ்எஸ் கிளாம்பிங்னு ஒரு டிக் இருந்தா அதையும் போடுங்க. அது கனெக்‌ஷன் ஆரம்பிக்கறப்பவே ரெண்டு பக்கத்துக்கும் "ஹெட்டர் போக 1452க்கு மேல அனுப்பாதீங்க"ன்னு சொல்லி வெச்சிடும், ஐசிஎம்பி தயவே தேவையில்ல. ஐபிவி6ங்கற புதுத் தலைமுறை ஐபி அட்ரஸ் முறைல ஹெட்டர் பெருசு, அதனால அங்க 1432. சில ரவுட்டர்ல பழைய முறையான ஐபிவி4க்கு மட்டும் கிளாம்ப் பண்ணிட்டு ஐபிவி6ஐ மறந்துட்டிருப்பாங்க, பாதி சைட் மட்டும் படுத்தறதுக்கு அதுவும் ஒரு காரணம். ஐபிவி6ஐ ஒரு நிமிஷம் ஆஃப் பண்ணிப் பாத்தா தெரிஞ்சிடும், பாத்துட்டு மறுபடி ஆன் பண்ணிடுங்க, அப்படியே விட்டுடாதீங்க.

கேள்வி: ஆபீஸ்ல நெட் வழியா பேசற ஐபி போன் வெச்சிருக்கோம். கால் எடுத்து கரெக்டா அரை நிமிஷத்துல கட் ஆகுது. சில சமயம் நாங்க பேசறது அவங்களுக்குக் கேக்குது, அவங்க பேசறது எங்களுக்குக் கேக்கல. போன் கம்பெனி ரவுட்டரைச் சொல்றாங்க, ரவுட்டர் கம்பெனி போனைச் சொல்றாங்க.

பதில்: ஸ்டாப்வாட்ச் வெச்சுப் பாருங்க மேடம், 32 செகண்டா? அப்படின்னா நான் ரவுட்டர் பக்கம்தான் கை காட்டுவேன். கால் எடுத்ததும் எடுத்த போன் "எடுத்துட்டேன்"னு சொல்லும், கூப்பிட்ட போன் "தெரிஞ்சுது"ன்னு பதில் சொல்லணும். அந்தப் பதில் வரலன்னா அரை செகண்டுல ஆரம்பிச்சு திரும்பத் திரும்பச் சொல்லிப் பாத்துட்டு, அரை செகண்டோட 64 மடங்கு, அதாவது 32 செகண்டுல சலிச்சுப் போய் வெச்சிடும். பதிலைத் தொலைச்சது யாரு? ரவுட்டர்ல எஸ்ஐபி ஏஎல்ஜின்னு ஒரு ஐட்டம். உதவி பண்றேன்னு போன் பாக்கெட்டுக்குள்ள தலையை விட்டு உள்ளே இருக்கற அட்ரஸை எல்லாம் திருத்தி எழுதும், நிறைய ஃபர்ம்வேர்ல தப்பாத்தான் திருத்தும். ஒருபக்கம் மட்டும் குரல் கேக்கறதும் அதே கை வேலைதான். ஆஃப் பண்ணிடுங்க. ஆஃப் பண்ண பட்டனே இல்லாத ரவுட்டரா இருந்தா போனை டிஎல்எஸ்ங்கற ரகசியக் குறியீட்டு மோடுக்கு மாத்துங்க, பூட்டின கவரை ஏஎல்ஜியால பிரிச்சுப் படிக்க முடியாது, கை வைக்காம விட்டுடும்.

கேள்வி: ரீஸ்டார்ட் பண்ணா வைஃபைல 2.4 உடனே வந்துடுது, 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் ஒரு நிமிஷம் காணாமப் போகுது. பக்-ஆ?

பதில்: இல்ல, சட்டம். 5ல சில சேனல் ரேடாருக்கும் சொந்தம், அந்த சேனல்ல பேசறதுக்கு முன்னாடி ரவுட்டர் 60 விநாடி வாயை மூடிட்டு ரேடார் இருக்கான்னு காது குடுக்கணும். ஐரோப்பாவுல வானிலை ரேடார் சேனலுக்கு 10 நிமிஷம்! பொறுமை இல்லன்னா 36ல இருந்து 48க்குள்ள ஒரு சேனலை ஃபிக்ஸ் பண்ணிக்கோங்க.

கேள்வி: ரவுட்டர் பின்னாடி ஹார்டு டிஸ்க் சொருகினா 2.4 வைஃபை படுத்துடுது, புடுங்கினா சரியாகுது. இதென்ன கூத்து?

பதில்: கூத்தெல்லாம் இல்ல, யுஎஸ்பி 3.0 வேலை செய்யறப்ப வர்ற ரேடியோ இரைச்சல் சரியா 2.4 பக்கத்துல விழுது, 2012லயே இன்டெல் இதை ஒரு பேப்பரா எழுதி வெளியிட்டாங்க. ரவுட்டர்ல அந்த போர்ட்டை யுஎஸ்பி 2.0 மோடுல ஓட்டுங்கற செட்டிங் தேடுங்க, இருந்தா அதான் ஒட்டு வேலை, அதாவது பக் போகாட்டியும் சமாளிக்கற வழி. டிஸ்க் வேகம் குறையும், வைஃபை பிழைக்கும். ஆன்டெனாவை விட்டு டிஸ்க்கைத் தள்ளி வெச்சு நல்ல கேபிளா போட்டாலும் ஓரளவு அடங்கும்.

கேள்வி: வீட்டுல யாராவது போட்டோ பேக்கப் போட ஆரம்பிச்சா என் வீடியோ கால் ரோபோ மாதிரி ஆயிடுது. 100 எம்பி ப்ளான்ல இருந்து 300க்கு மாத்திட்டேன், அப்பவும் அதே கதி.

பதில்: ப்ளானை ஏத்தினது வீண். அப்லோடு வரிசைல நிக்கற பாக்கெட்டை ரவுட்டர் தூக்கிப் போடாம மெமரில அடுக்கிட்டே போகுது, உங்க குரல் அந்த வரிசைக்குக் கடைசில போய் நிக்குது. பஃபர்ப்ளோட்னு பேரு. மெமரி மலிவாக ஆக ஃபர்ம்வேர் எழுதறவங்க தாராளமா வரிசையை நீட்டினதுதான் காரணம். 2012ல கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் கோடெல்னு ஒரு வழி கண்டுபிடிச்சாங்க, வரிசை எவ்ளோ நீளம்னு பாக்காம ஒரு பாக்கெட் எவ்ளோ நேரம் காத்திருக்குன்னு பாத்து ஆளைக் குறைக்கறது. அதோட வாரிசு எஃப்க்யூ கோடெல், அப்புறம் கேக். உங்க ரவுட்டர்ல எஸ்க்யூஎம்னோ ஸ்மார்ட் க்யூன்னோ இருந்தா ஆன் பண்ணி, உண்மையா கிடைக்கற ஸ்பீடுல 90 சதவீதம் அளவுக்கு லிமிட் போடுங்க. கொஞ்சம் குறைச்சுப் போட்டாத்தான் வரிசை நம்ம ரவுட்டர்ல நிக்கும், நம்ம கைல இல்லாத மோடத்துல போய் நிக்காது.

இதுல நானே ஒரு தடவ மாட்டினேன். டிக் எல்லாம் போட்டும் ஒரு மாற்றமும் இல்ல, ரெண்டு ராத்திரி மண்டையைப் பிச்சுக்கிட்டேன். கடைசில பாத்தா ஹார்டுவேர் ஆஃப்லோடுன்னு இன்னொரு டிக் ஏற்கனவே ஆன்ல இருக்கு, அது பாக்கெட்டை சிபியு பக்கமே விடாம சிப்புக்குள்ளயே தாண்டி அனுப்பிடும், அப்புறம் க்யூ எங்க வேலை செய்யும்? ரெண்டும் ஒண்ணா ஓடாதுன்னு ரிலீஸ் நோட்ல தெளிவா ஒரு வரி போட்டிருந்தாங்க, படிக்காதது என் தப்பு. ஆஃப்லோடை அணைச்சதும் வீடியோ கால் தெளிஞ்சுது, ஆனா பழைய சிபியுக்கு மூச்சு வாங்கி ஸ்பீடு பாதியாச்சு. எனக்கு அந்தப் பாதி போதும்.

கேள்வி: அப்டேட் வந்திருக்குன்னு மூணு மாசமா ரவுட்டர் கத்துது. ஓடற வண்டியை எதுக்கு நோண்டணும்னு விட்டுட்டேன். சரிதானே?

பதில்: பாதி சரி. வந்த அன்னைக்கே பாயாம ஒரு வாரம் பொறுக்கறது புத்திசாலித்தனம், மூணு மாசம்ங்கறது சோம்பேறித்தனம். ரோம்பேஜர்னு ரவுட்டருக்குள்ள இருக்கற ஒரு குட்டி வெப் சர்வர், அதுல இருந்த ஓட்டையை அதை எழுதின கம்பெனி 2005லயே அடைச்சுட்டாங்க. 2014ல செக் பாயின்ட்ங்கற செக்யூரிட்டி கம்பெனி ஆளுங்க தேடிப் பாத்தா அதே ஓட்டையோட கிட்டத்தட்ட 1 கோடியே 20 லட்சம் டிவைஸ் நெட்ல நிக்குது. மருந்து வந்து ஒன்பது வருஷம், குடிக்க ஆளில்ல.

மருந்தே வராதப்ப ஜனங்க எப்படிச் சமாளிச்சாங்கன்னு கேளுங்க, 2016 டிசம்பர்ல நெட்கியர் ஆர்7000 மாதிரி சில மாடல்ல ஒரு ஓட்டை வெளிய வந்துச்சு, ரவுட்டர் அட்ரஸுக்குப் பின்னாடி ஒரு கமாண்டை ஒட்டி அனுப்பினா பாஸ்வேர்டு கேக்காம ரவுட்டர் அதை ஓட்டிடும். அப்டேட் வர்ற வரைக்கும் அந்த ரவுட்டரையே யூஸ் பண்ணாம இருக்கறதைப் பத்தி யோசிங்கன்னு செர்ட்ங்கற கம்ப்யூட்டர் பாதுகாப்பு அமைப்பே சொன்னாங்க. அப்ப ஒருத்தர் கண்டுபிடிச்ச ஒட்டு வேலை என்ன தெரியுமா, அதே ஓட்டை வழியா உள்ள போய் "வெப் சர்வரைக் கொன்னுடு"ன்னு கமாண்ட் குடுக்கறது! வெப் சர்வர் செத்துச்சுன்னா ஓட்டையும் அதோட போச்சு, இன்டர்நெட் பாட்டுக்கு ஓடும். ரீஸ்டார்ட் ஆனா மட்டும் மறுபடி கொல்லணும். எனக்குத் தெரிஞ்சு இதைவிட அழகான ஒட்டு வேலை கிடையாது.

நீங்க பண்ண வேண்டியது: ரிலீஸ் நோட்ல "தெரிந்த பிரச்சனைகள்"னு இருக்கற பகுதியை முதல்ல படிங்க, புது அம்சமெல்லாம் அப்புறம். செட்டிங்ஸ் பேக்கப்பைக் கம்ப்யூட்டர்ல எடுத்து வைங்க, அதோட முக்கியமான பேஜையெல்லாம் ஸ்க்ரீன்ஷாட்டும் எடுங்க, ஏன்னா பெரிய வெர்ஷன் மாறறப்ப பழைய பேக்கப் ஃபைல் புதுசுல ஒழுங்கா உக்காராம போகலாம். அப்டேட்டைக் கேபிள்ல இருந்தே போடுங்க.

கேள்வி: பாஸ்வேர்டு அடிக்காம வைஃபைல சேர்க்கற டபிள்யுபிஎஸ் பட்டன் வசதியா இருக்கே, அதை ஏன் எல்லாரும் திட்டறாங்க?

பதில்: பட்டனைத் திட்டல, கூடவே வர்ற 8 இலக்க பின்னைத் திட்டறாங்க. ரவுட்டர் அதை ரெண்டு பாதியா பிரிச்சு முதல் பாதி சரியா தப்பான்னு தனியா சொல்லிடும், கடைசி இலக்கம் வெறும் செக்சம், மத்த ஏழையும் வெச்சுக் கணக்குப் போட்டு வர்றது. ஆக ஒரு கோடி தடவ முயற்சி பண்ண வேண்டியது 11,000ல முடிஞ்சிடும். 2011 டிசம்பர்ல இது வெளிய வந்துச்சு. ஆஃப் பண்ணுங்க, பண்ணிட்டு போன்ல ஒரு வைஃபை ஸ்கேனர் ஆப் போட்டு நிஜமாவே ஆஃப் ஆச்சான்னு பாருங்க, பேஜ்ல ஆஃப்னு காட்டிட்டு உள்ள ஆன்லயே இருந்த மாடலும் உண்டு.

கேள்வி: கரன்ட் போய் வந்தா நெட்டே வரமாட்டேங்குது சார். லாக்ல தேதி 1970னு காட்டுது! டிஎன்எஸ்செக் ஆன் பண்ணதுக்கப்புறம்தான் இப்படி, ஆஃப் பண்ணா வந்துடுது.

பதில்: இது எனக்கு ரொம்பப் பிடிச்ச பக். வீட்டு ரவுட்டர்ல பெரும்பாலும் கடிகார பேட்டரி கிடையாது, கரன்ட் போனா காலமும் போச்சு. எழுந்ததும் டைம் சர்வர்கிட்ட மணி கேக்கணும், அதுக்கு அந்த சர்வர் பேரோட ஐபி வேணும், அதுக்கு டிஎன்எஸ் (பேரை ஐபியா மாத்திச் சொல்ற சேவை) வேணும். டிஎன்எஸ்செக் அந்தப் பதில்ல இருக்கற டிஜிட்டல் கையெழுத்தை செக் பண்ணும், ஒவ்வொரு கையெழுத்துலயும் இந்தத் தேதிலேர்ந்து இந்தத் தேதி வரைன்னு இருக்கும். ரவுட்டர் கணக்குப்படி இப்ப 1970, அதனால எல்லாக் கையெழுத்தும் எதிர்காலத்துல போட்டது, செல்லாது! மணி தெரிஞ்சாத்தான் பேர் தெரியும், பேர் தெரிஞ்சாத்தான் மணி தெரியும்.

நிறைய ரவுட்டருக்குள்ள இருக்கற டிஎன்எஸ்மாஸ்க் ப்ரோக்ராம்ல இதுக்குன்னே ஒரு ஆப்ஷன் உண்டு, மணி சரியாகற வரைக்கும் தேதியை மட்டும் பாக்காம விட்டுடும். உங்க பேஜ்ல அது இல்லன்னா டைம் சர்வர் இடத்துல பேருக்குப் பதிலா ஐபியைப் போடலாம். ஆனா யாரோட ஐபின்னு பாத்துப் போடுங்க, உங்க இன்டர்நெட் கம்பெனி குடுக்கற டைம் சர்வர் இருந்தா அதுதான் நல்லது. ஏன்னா 2003ல நெட்கியர் ரவுட்டர்ல அமெரிக்காவுல விஸ்கான்சின் யுனிவர்சிட்டியோட டைம் சர்வர் ஐபியை ஃபர்ம்வேருக்குள்ளயே எழுதி வெச்சிருந்தாங்க, பதில் வரலன்னா செகண்டுக்கு ஒரு தடவ கேக்கும். அந்த மாதிரி 7 லட்சத்துக்கும் மேல டிவைஸ். யுனிவர்சிட்டில உக்காந்திருந்தவங்க யாரோ தாக்கறாங்கன்னே நினைச்சாங்க, பாவம், எல்லாரும் மணிதான் கேட்டுட்டிருந்தாங்க.

கேள்வி: காலேஜ்ல நெட்வொர்க்கிங் படிக்கறேன் அண்ணா. வீட்டு ரவுட்டர் சரி, லட்சக்கணக்குல விலை போற பெரிய ரவுட்டர்லயும் இந்த மாதிரி அசட்டு பக் எல்லாம் வருமா?

பதில்: பெரிய இடத்துல பெரிய அசடு. 2010 ஆகஸ்ட் 27, ரைப் என்சிசியும் (ஐரோப்பாவுல ஐபி அட்ரஸ் பங்கிடற அமைப்பு) ட்யூக் யுனிவர்சிட்டியும் ஆராய்ச்சிக்காக பிஜிபில (பெரிய நெட்வொர்க்கெல்லாம் ஒண்ணுக்கொண்ணு வழி சொல்லிக்கற முறை) ஒரு புது அட்ரிப்யூட்டை, அதாவது வழித் தகவலோட ஒட்டற ஒரு குறிப்பை, அனுப்பினாங்க. விதிப்படி செல்லும், புரியாதவங்க அப்படியே அடுத்தவங்களுக்குக் கடத்தணும். சிஸ்கோ கம்பெனியோட ஐஓஎஸ் எக்ஸ்ஆர் சாஃப்ட்வேர் ஓடற ரவுட்டர் அதைக் கடத்தறப்ப கெடுத்துட்டுக் கடத்துச்சு, வாங்கின பக்கத்து ரவுட்டர் "கெட்டுப் போன மெசேஜ்"னு மொத்த செஷனையும் வெட்டுச்சு, மறுபடி சேந்ததும் அதே மெசேஜ், மறுபடி வெட்டு. அரை மணி நேரத்துக்குள்ள நிறுத்திட்டாங்க, அதுக்குள்ள உலக நெட்வொர்க்ல ஒரு சதவீதம் ஆட்டம் கண்டுச்சு. கவனிங்க, தப்புப் பண்ண ரவுட்டர் நல்லா நின்னுச்சு, பக்கத்துல இருந்தவன்தான் விழுந்தான். பிஜிபில பக் தேடறப்ப இது உதவும்.

2014 ஆகஸ்ட் 12 இன்னொண்ணு. பழைய சிஸ்கோ 6500, 7600ல ஐபிவி4 ரூட்டுக்குன்னு (எந்த அட்ரஸுக்கு எந்த வழின்னு எழுதற வரி) 512கே, அதாவது 5 லட்சத்துச் சொச்சம் இடம். அன்னைக்கு அமெரிக்க இன்டர்நெட் கம்பெனி வெரைசன் பக்கத்துல இருந்து சுமார் 15 ஆயிரம் ரூட் திடீர்னு கூடுதலா வந்து உலக ரூட் டேபிள் அந்தக் கோட்டைத் தாண்டி, அந்த ரவுட்டர்ல அடங்காமப் போச்சு. ஒட்டு வேலை என்னன்னா ஒரே மெமரில ஐபிவி6க்குன்னு ஒதுக்கின இடத்தைக் குறைச்சு ஐபிவி4க்குக் குடுக்கறது, ஒரு வரி கமாண்ட். ஆனா ரீலோடு பண்ணாத்தான் அமலுக்கு வரும், நட்டநடு நெட்வொர்க்ல நிக்கற மெஷினை எப்ப ரீலோடு பண்றதுன்னு யோசிச்சே நிறைய பேர் தள்ளிப் போட்டிருந்தாங்க. ஒட்டு எதுன்னு முன்னாடியே தெரியும், ஒட்டத்தான் நேரம் வரல.

கேள்வி: எனக்குக் கேள்வி இல்ல, பாவமன்னிப்பு. மூணு வருஷம் முன்னாடி ரவுட்டர் அடிக்கடி தொங்குதுன்னு தினம் ராத்திரி 3 மணிக்குத் தானா ரீஸ்டார்ட் ஆகற மாதிரி செட் பண்ணேன், மறந்தும் போனேன். நடுவுல ரவுட்டரே நல்லாயிடுச்சு. போன ரெண்டு மாசமா ஆன்லைன் பேக்கப் தினமும் பாதில நிக்குதுன்னு பேக்கப் சர்வீஸ் சப்போர்ட் ஆளைப் போன் போட்டுத் திட்டிட்டிருந்தேன்.

பதில்: ஹா ஹா, வெக்கப்படாதீங்க, இந்த ஒட்டுக்கே இன்னொரு ஒட்டு உண்டு. மேல 1970 கேள்வில சொன்ன மாதிரி ரவுட்டர்ல கடிகார பேட்டரி இல்ல, ஓபன்டபிள்யுஆர்டி எழுந்திருக்கறப்ப தன்கிட்ட இருக்கற ஃபைல்ல கடைசியா மாறினது எப்பன்னு பாத்து மணியை ஊகிச்சுக்கும். 3 மணிக்கு ரீஸ்டார்ட், எழுந்ததும் மணி இன்னும் 3 ஆகலன்னு நினைப்பு, கொஞ்ச நேரத்துல 3 ஆகுது, மறுபடி ரீஸ்டார்ட்! அதனால அவங்க விக்கிலயே எழுதி வெச்சிருக்காங்க, 70 செகண்டு தூங்கு, ஒரு ஃபைலைச் சும்மா தொட்டுத் தேதியைப் புதுசாக்கு, அப்புறம் ரீஸ்டார்ட் பண்ணுன்னு. அதுக்குள்ள 3 மணி ஒரு நிமிஷம் தாண்டிடும், எழுந்தாலும் பழைய மணிக்குப் போகாது.

உங்க கேஸ்ல இதெல்லாம் தேவையில்ல, ஷெட்யூலை எடுத்துடுங்க. ரெண்டு வாரம் தொங்காம ஓடிச்சுன்னா பழைய பக் ஏதோ ஒரு அப்டேட்ல போயிருக்குன்னு அர்த்தம். நான் என் ரவுட்டர் அடிப்பக்கம் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி வெச்சிருக்கேன், என்ன ஒட்டு வேலை, எந்தத் தேதி, எந்த ஃபர்ம்வேர் வெர்ஷன், எதுக்காகன்னு நாலு வரி. இப்ப அதுல மூணு அடிச்சாச்சு, ஒண்ணு பாக்கி. அப்புறம் மறக்காம அந்த சப்போர்ட் ஆளுக்கு ஒரு போன் போட்டு சாரி சொல்லிடுங்க.